சூரிய வெளிச்சத்தில் ஓடும் வேதாகமப் பெட்டி: ஒன்றரை வருடம் பாவித்த பிறகு எழுதுகிறேன்

அம்மாவுக்குக் கண் போய்விட்டது. சீனி வருத்தம் முதலில் காலைப் பிடித்தது, பிறகு கண்ணைப் பிடித்தது. காலையில் வேதாகமத்தில் ஒரு அதிகாரமாவது வாசித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிற மனிசி. பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுத்தோம், ஆறு மாதம் ஓடியது. பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம், இன்னும் கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் இருந்து, திறந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். வாசிக்கவில்லை, தடவிக்கொண்டிருந்தார். அடுத்த கிழமையே இந்தப் பெட்டியைத் தேடி யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் அக்கராயன் பக்கம். கிளிநொச்சி நகரத்துக்கே பஸ் நேரம் பார்த்துத்தான் போகவேண்டும். அதனால் ஒரு பொருள் வாங்கினால் அது பழுதாகக் கூடாது, பழுதானாலும் நாமே சமாளிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். கடையில் மூன்று விதம் காட்டினார்கள். நான் எடுத்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. முதுகில் சின்ன சோலர் தகடு, தலையில் ரோச் லைற், முன்பக்கம் ஆறு பொத்தான்கள், பக்கத்தில் போன் சார்ச்சர் குத்துகிற ஓட்டை. உள்ளே தமிழ் வேதாகமம் முழுதும் குரலில் பதிந்திருக்கிறது, 66 புத்தகம், 1189 அதிகாரம். இன்ரநெற் தேவையில்லை, சிம் தேவையில்லை.

கைத்தொலைபேசியில் இதெல்லாம் இலவசமாகவே கேட்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கேட்கலாம்தான். ஆனால் கண் தெரியாத 76 வயது மனிசி கண்ணாடித் திரையில் எங்கே அமத்துவது? அதோடு போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் சங்கீதம் பாதியில் நின்றுவிடும், பிறகு நான் வந்து பிடித்துக் கொடுக்கும்வரை நின்றதுதான். இந்தப் பெட்டியில் விரல் தடவிப் பொத்தானைக் கண்டுபிடிக்கலாம். நடுப் பொத்தானில் நான் ஒரு துளி நகப்பூச்சை விட்டுக் காயவைத்தேன், பருப்பு அளவுக்கு மேடாக நின்றது. அன்றிலிருந்து அம்மா யாரையும் கூப்பிடுவதில்லை. வாங்குகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பொத்தான்களில் இருக்கிற எழுத்தெல்லாம் ஆங்கிலம், தமிழ் ஒரு எழுத்துக் கூட இல்லை. பற்றரி முழுதாக இறங்கிவிட்டால் விட்ட இடத்தை மறந்து திரும்பவும் ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் தொடங்குகிறது. எரேமியாவில் 30 அதிகாரம் தாண்டி வந்த மனிசிக்கு அது பெரிய அலைச்சல், ஒவ்வொரு புத்தகமாக அமத்தி அமத்தித் திரும்பப் போகவேண்டும். சோலர் என்றால் எப்போதும் சார்ச் ஏறும் என்று நினைக்கவேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் அரை நாள் வைத்தால் இரண்டு நாள் பாடும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்தால் வயரைக் குத்தித்தான் ஆகவேண்டும். அதோடு தகரக் கூரையில் வைக்காதீர்கள், நான் வைத்தேன், சூட்டுக்குப் பின்தகட்டின் பசை விட்டு ஒரு மூலை கிளம்பிவிட்டது. இப்போது வேலிக் கதியாலில் ஒரு பழைய மா ரின் மூடியைக் கட்டி அதற்குள் வைக்கிறேன், காற்றுப் படுகிறது, வெயிலும் படுகிறது.

குரல் நன்றாக இருக்கிறது. இந்தியத் தமிழ், ஆனால் தெளிவு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரல் கொடுத்து, பின்னணியில் கடல் இரைச்சல், கூட்டத்தின் சத்தமெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பின்னணிச் சத்தம் சில இடங்களில் கூடிப்போனதாகப் பட்டது. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம், நாளுக்குப் பத்தாகக் கேட்டு 26 நாளில் முடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார். இப்படி எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெட்டிக்குள் இருப்பது போவர் ஐயர் தலைமையில் 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு, எங்கள் சபைகளில் இன்றைக்கும் வாசிப்பது. (அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பில், பிறகு சைவத்தை வளர்த்த ஆறுமுக நாவலர் கூட இருந்து உழைத்தவர் என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.) பழைய சொற்கள் நிறைய. ஒரு சொல் எங்களை நன்றாக நிறுத்தியது. பேதுரு தன் முதல் நிருபத்தில் எழுதுகிறார், "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று. உத்தரவு என்றால் எங்கள் ஊரில் கட்டளை. யுத்த காலத்தில் இடம்பெயர உத்தரவு, சோதனைச் சாவடியில் இறங்கி நட என்று உத்தரவு, முகாமை விட்டு வெளியே போக உத்தரவு. விசாரிக்கிறது என்ற சொல்லும் வன்னியில் நல்ல சொல் இல்லை. ஆனால் அந்தக் காலத்துத் தமிழில் உத்தரவு சொல்வதென்றால் மறுமொழி சொல்வது. கேட்கிறவனுக்குச் சாந்தமாக, மரியாதையாக ஒரு மறுமொழி, அவ்வளவுதான். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தியபோது, "அப்ப கேக்க முதல் போய்ச் சொல்லச் சொல்லேல்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பெட்டிக்குக் கொடுத்த காசு சரி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் சுவிசேஷம் சொல்கிறோம் என்று வந்தவர்களைப் பற்றிச் சனத்துக்கு நல்ல நினைவும் உண்டு, கசப்பும் உண்டு. தறப்பாளுக்குக் கீழே கிடந்த நாட்களில் ஒன்றுமே கேட்காமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், அரிசி மூட்டையைக் காட்டி முதலில் கூட்டத்துக்கு வா என்றவர்களும் இருந்தார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. பசித்திருக்கிறவனிடம் போய் அவன் கேட்காத மறுமொழியை விற்பது பேதுரு சொன்ன வேலை இல்லை. அதனால் பெட்டி வந்த நாளிலிருந்து சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டுவதில்லை என்று அம்மாவும் நானும் பேசி வைத்தோம். பக்கத்து வளவில் சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கிற நேரத்தில் அம்மா தானாகவே நிறுத்திவிடுவார்.

ஆனால் எங்கள் வேலி கிடுகு வேலி. பாதிச் சத்தமும் தாண்டத்தான் செய்யும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே மகன். யுத்தத்தின் கடைசி நாட்களில், 2009 மே மாதம், வட்டுவாகல் பாலம் தாண்டின அன்றைக்குக் கடைசியாகக் கண்டது. அதற்குப் பிறகு தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினபோது, முதல் கிழமையே போய் இருந்தவர்களில் இவரும் ஒருவர். இப்போதும் மகனின் படத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கொண்டு போவார். மழையில் நனைந்து நனைந்து படத்தின் ஒரு ஓரம் நீலமாகிவிட்டது.

அவர் பின்னேரங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டுவதுபோல நிற்பார். கூட்டி முடித்த முற்றத்தையே திரும்பக் கூட்டுவார். எனக்கு அது விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. அம்மாவுக்குக் கண் இல்லை, ஆனால் விளக்குமாற்றுச் சத்தத்தை வைத்தே பிடித்துவிட்டார். "பிள்ளை, படலையால வாவன், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேள்" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வருவார். ஒன்றும் கேட்கமாட்டார், தேத்தண்ணி குடிப்பார், கேட்டுக்கொண்டிருப்பார், போவார். மூன்று மாதம் இப்படித்தான் போனது.

ஒருநாள் யோவான் 11ஆம் அதிகாரம் ஓடியது. லாசரு வருத்தமாய்க் கிடக்கிறான், சகோதரிகள் இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள், அவர் கேள்விப்பட்டும் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாளாகிவிட்டது. மார்த்தாள் எதிரே வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். அந்த இடத்தில் அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இயேசு லாசருவை உயிரோடு எழுப்பி, அதிகாரம் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு கேட்டார்.

"மாமி, அவர் ஏன் உடனை போகேல்லை? வருத்தமெண்டு தெரிஞ்சும் ரெண்டு நாள் அங்கையே நிண்டவரே?"

நான் பக்கத்தில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பாடசாலையில் பத்து வருடம் படிப்பித்த ஆள் நான், இதற்கு விளக்கம் தெரியும், தேவனுடைய மகிமை விளங்கும்படி என்று வசனமே இருக்கிறது. வாய் திறக்கப் போனேன். அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எனக்கும் தெரியாது பிள்ளை. நானும் கேட்டனான். பிந்தித்தான் வந்தவர். ஆனா வந்து அழுதவர். அழுதுபோட்டுச் சும்மா திரும்பிப் போகேல்லை."

பிறகு அம்மா தன் கதையைச் சொன்னார். என் தம்பியை அதே யுத்தத்தில் மாத்தளனில் பறிகொடுத்தோம். சீலை ஒழுங்காகச் சுற்றக்கூட நேரம் இருக்கவில்லை, கடற்கரை மணலைக் கையாலும் பாத்திரத்தாலும் தோண்டித் தாட்டோம். அந்த இடத்தை இன்றைக்குப் போய் அடையாளம் காட்ட முடியாது. அம்மா சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "அவனை நான் திரும்பக் காணுவன். காணலாமோ எண்டு யோசிச்சுச் சொல்லேல்லை பிள்ளை, காணுவன்."

அக்கா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ரை பிள்ளை?" என்றார்.

இந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனையோ பேர் விழுந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். வந்துவிடுவான் அக்கா, ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. சொன்னவருக்கு நிம்மதி, கேட்டவர் அடுத்த பதினைந்து வருடமும் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போனவன் போனதுதான், மனதைத் தேற்று என்பதும் லேசு, அதைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அம்மா இரண்டையும் சொல்லவில்லை. "அவன் எங்கை எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியுமெண்டு உனக்குச் சொல்லமாட்டன். ஆனா அவன் எங்கை எண்டு தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். நான் அவரிட்டைத்தான் கேக்கிறனான், உன்ரை பிள்ளைக்காகவும்."

பெட்டி அதற்குள் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டிருந்தது. நான்தான் எழும்பி நிறுத்தினேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு பெட்டியை வாங்கி நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் ஊழியம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற உறவினர்கள் காசு அனுப்பி, 20 பெட்டி வாங்கிக் கொடுங்கள் என்று எனக்கே சொன்னார்கள். வாங்கிக் கொடுக்கலாம், நல்ல பொருள். ஆனால் பெட்டி வாசிக்கும், மறுமொழி சொல்லாது. அக்கா கோப்பையைக் கீழே வைத்த அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு மனிசி இருந்திருக்கவேண்டும், அதுவும் தன் பிள்ளையைத் தாட்ட மனிசியாக இருந்திருக்கவேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் கூட இருந்து கேட்க ஓர் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஆறுதலுக்காக மனதுக்குள் கட்டிக்கொண்டதென்றால் பங்கருக்குள்ளேயே அது உடைந்திருக்கும். அவர் அடிக்கடி போட்டுக் கேட்பது முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரம். அதில் பவுல், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். எழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். போய்க் கேட்டுப் பார் என்பதுபோலத்தானே அது. கண்ட சாட்சி என்றால் என்ன என்று வன்னியில் இருக்கிற எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாங்கள் கண்டதைக் காணவில்லை என்று சொல்லச் சொன்னாலும் சொல்லமாட்டோம். அந்த மனிதர்களும் அப்படித்தான் சொன்னார்கள், அடி வாங்கியும் சொன்னார்கள், செத்தும் சொன்னார்கள். எனக்கு என் தம்பியைப் பற்றிய நம்பிக்கை நிற்பதும் அங்கேதான்.

கத்தோலிக்க நண்பர்கள் வாங்குவதென்றால் ஒரு விசயம் கவனிக்கவேண்டும். அவர்கள் பூசையில் கேட்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். அதில் சொற்கள் வேறு. எங்கள் புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வருவது அதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வரும். மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த என் சிநேகிதி, இந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எங்கள் நம்பிக்கையும் உங்கள் நம்பிக்கையும் ஒன்றில்லைப் போல என்று குழம்பிவிட்டார். வாங்கமுதல் எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்டு, கடையிலேயே ஒரு அதிகாரம் போட்டுப் பாருங்கள். எனக்கு அந்த எதிர்நோக்கு என்ற சொல் நன்றாகப் பிடித்துவிட்டது. படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அது, ஆனால் வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு இருப்பது.

இன்னொரு பாவிப்பையும் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாத ஒரு தம்பி இருக்கிறார். மாரி காலத்தில் இரண்டு கிழமை பெட்டியை அவரிடம் கொடுத்தோம், அவர்தான் கேட்டு வாங்கினார், இரவில் நித்திரை வருவதில்லை என்றார். திரும்பத் தரும்போது, "அக்கா, 88ஆம் சங்கீதத்தை ஏன் ஒருத்தரும் கூட்டத்தில வாசிக்கிறேல்லை?" என்று கேட்டார். நானும் போய்க் கேட்டுப் பார்த்தேன். மற்றச் சங்கீதங்களில் பெரும்பாலானவை அழுது தொடங்கினாலும் கடைசியில் எங்கேயோ ஒரு துதி வரும். இதில் வராது, இருட்டிலேயே முடிகிறது. அவர் அதை இரவிரவாகத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். "இப்பிடிக் கதைச்சவனையும் அவர் தள்ளிவிடேல்லை, புத்தகத்துக்குள்ள வைச்சிருக்கிறார்" என்றார். நான் படிப்பித்த பத்து வருடத்தில் ஒருநாளும் இதைக் கண்டதில்லை. நம்பிக்கை கொடுக்கப்போகிறோம் என்று நாங்கள் நல்ல வசனமாகப் பொறுக்கிக் கொண்டு போகிறோம், முழுவதையும் விட்டுவைத்தால் அவரவர் தங்களுக்குரியதை எடுத்துக்கொள்கிறார்கள். பொறுக்கின வசனங்கள் மட்டும் பதிந்த மலிவான பெட்டியும் கடையில் இருந்தது. அதை வாங்காதீர்கள்.

அதே தம்பிதான் கிளம்பியிருந்த பின்தகட்டைப் பசை போட்டு ஒட்டித் தந்தார். இப்போது பற்றரி முந்தியதுபோல இல்லை, முழுச் சார்ச்சில் ஒரு நாள்தான் நிற்கிறது. உள்ளே இருப்பது பழைய பொத்தான் போன்களில் வருகிற தட்டைப் பற்றரி மாதிரித்தான், கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடையில் பொருந்துமா என்று கேட்கவேண்டும். பொருந்தினால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அக்கா இன்னும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறார், கொட்டிலுக்கும் போகிறார். பின்னேரம் எங்கள் விறாந்தைக்கும் வருகிறார். போன கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. நான் பாடசாலையால் வந்து படலையைத் திறக்கும்போது அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு இருந்தார். பெட்டி அவர் கையில். விரலால் தடவி அந்த நகப்பூச்சு மேட்டைக் கண்டுபிடித்து, "மாமி, நேற்று விட்ட இடத்திலயிருந்து போடட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.